எந்த மீன் எந்த ஆற்றைச் சொல்லும்? சமவெளி ஆற்றில் சுட்டி இனம் தேடப் போகிறவர்களுக்கு

மருதூர் அணைக்கட்டுக்குக் கொஞ்சம் கீழே, விடிந்தும் விடியாத நேரம். அண்ணாச்சி வீசிய வலையில் 11 சிலேபி, 1 கெளுத்தி, கையகலத்தில் 1 கட்லா. நான் நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். கட்லாவுக்கு வந்ததும் அவர் சிரித்தார்.

"தம்பி, அது ஆத்து மீனு இல்ல. குளத்து மீனு. மறுகால் பாஞ்சப்ப வந்துருக்கும்."

குளத்தில் குஞ்சு விட்டு வளர்த்த கட்லா, குளம் நிரம்பி மறுகால் வழியாக ஆற்றுக்கு வந்திருக்கிறது. மீன் ஆற்றில்தான் கிடைத்தது, ஆனால் அது ஆற்றைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பக்கத்துக் குளத்தைப் பற்றித்தான் சொன்னது. எந்த மீன் எந்த இடத்துக்கு உரியது என்ற கணக்கு அண்ணாச்சி தலைக்குள் நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் செய்யப்போவது அதே கணக்கைத்தான். தாளில், எண்ணாக, இன்னொருவர் சரிபார்க்கிற மாதிரி செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்லும் உதாரணமெல்லாம் தாமிரபரணி, அதிலும் பாபநாசத்துக்குக் கீழே, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வரைக்கும் உள்ள சமவெளிப் பகுதி. உங்கள் ஊர் ஆறு கொள்ளிடமோ தென்பெண்ணையோ ஆனாலும் வழி ஒன்றுதான், மீன் பட்டியல்தான் மாறும்.

சுட்டி இனம் என்றால் என்ன, எது இல்லை

ஒரு மீன் வலையில் கிடைத்தது என்று மட்டும் சொன்னால், அது எப்படிப்பட்ட இடம் என்று நீங்கள் ஊகிக்க முடிய வேண்டும். அப்படிப்பட்ட மீன்தான் சுட்டி இனம். திணைக்குத் திணை கருப்பொருள் என்று நம் ஆட்கள் வகுத்து வைத்தார்களே, அதே யோசனைதான். எருமையும் நீர்நாயும் வந்தால் மருதம், சுறா வந்தால் நெய்தல்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். அதிகம் கிடைக்கும் மீனே சுட்டி இனம் என்று நினைப்பது ஒன்று. எல்லா இடத்திலும் கிடைக்கிற மீன், இடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அபூர்வமான மீனைச் சுட்டி இனமாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. மூன்று வருடத்தில் ஒரே ஒரு வாளை அகப்பட்டது என்றால் அது நல்ல கதை. அதை வைத்து இடத்தை அடையாளம் காண முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. "சுட்டி" என்றதும் பலருக்கு மாசுதான் நினைவுக்கு வருகிறது. அது தனி வேலை. 1981இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கார் என்பவர், ஓடையில் உள்ள மீன்களை வைத்து அந்த ஓடையின் ஆரோக்கியத்துக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். நாம் இங்கே மதிப்பெண் போடப் போவதில்லை. ஆற்றில் எத்தனை விதமான மீன் சமூகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அடையாள மீன் எது என்று மட்டும் கேட்கிறோம். மாசு அதில் ஒரு காரணமாகப் பின்னால் வந்து சேரலாம்.

ஐரோப்பியர்கள் இதை ரொம்ப நாளாகச் செய்கிறார்கள். பெல்ஜியத்துக்காரர் மார்செல் ஹுவே, ஆற்றின் சரிவையும் அகலத்தையும் வைத்து மேற்கு ஐரோப்பிய ஆறுகளை நான்கு மண்டலமாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒரு மீனின் பெயர்: மலைப்பக்கம் டிரவுட், அப்புறம் கிரேலிங், பிறகு பார்பல், கடைசியில் மெதுவாக ஓடும் சமவெளியில் பிரீம். அழகான ஏற்பாடு. ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்க முடியாது. நம் ஆறுகள் வருடத்தில் பாதி நாள் வேறு ஆறு, மீதி நாள் வேறு ஆறு. போதாக்குறைக்கு அணைக்கட்டு வேறு.

முதல் படி: மீனைப் பார்க்கும் முன்பே ஆற்றைப் பிரியுங்கள்

இதுதான் முக்கியமான படி. இங்கே தப்பினால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கி.மீ. அதற்குள் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழைய காலத்தவை, ஸ்ரீவைகுண்டம் மட்டும் பிரிட்டிஷ் ஆட்சியில் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஒவ்வொரு அணைக்கட்டும் ஆற்றை இரண்டாக வெட்டுகிறது. மேல்பக்கம் தண்ணீர் குளம் மாதிரி தேங்கி, அடியில் சேறு படிந்து, ஓரமெல்லாம் அமலைச் செடி (ஆகாயத்தாமரை). கீழ்ப்பக்கம் கல்லும் மணலுமாக, முழங்கால் ஆழத்தில் சலசலவென்று ஓட்டம். இரண்டுக்கும் நடுவில் சில இடங்களில் நூறு மீட்டர்கூட இருக்காது. அதனால் "மேல் ஆறு, நடு ஆறு, கீழ் ஆறு" என்று மேலிருந்து கீழாகக் கோடு கிழிப்பது இந்த ஆற்றுக்குப் பொருந்தாது. நான் மூன்று கட்டமாகப் பிரிக்கிறேன்:

ஓட்டம்: அணைக்கட்டுக்குக் கீழே கல், சரளை, வேகம்.
தேக்கம்: அணைக்கட்டுக்கு மேலே, நின்ற தண்ணீர், சேறு, செடி.
உப்பு: ஸ்ரீவைகுண்டத்துக்கும் கீழே, கடல் ஏற்றம் எட்டிப் பார்க்கும் பகுதி.

எந்த இடம் எந்தக் கட்டத்தில் வரும் என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். 10 மீட்டருக்குக் கயிறு பிடித்து, ஒரு சிரட்டையை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். மூன்று தடவை விட்டுச் சராசரி எடுங்கள். ஆழத்துக்கு அளவு போட்ட மூங்கில் போதும். அடித்தரை கல்லா, மணலா, சேறா என்று காலால் தடவிப் பார்த்தாலே தெரியும். தண்ணீரின் உப்பை அளக்க மட்டும் ஒரு கருவி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனையும் விடிகாலையில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். செடி நிறைந்த தேக்கத்தில் ஆக்சிஜன் மிகக் கீழே இறங்குவது விடிகாலையில்தான். மத்தியானம் அளந்தால் அங்கே பிரச்சினை இருப்பதே தெரியாமல் போய்விடும்.

ஒரு கட்டத்துக்குக் குறைந்தது 4 இடம், முடிந்தால் 8. அந்த நான்கும் ஒரே தேக்கத்தின் நான்கு மூலையாக இருக்கக்கூடாது. கன்னடியனுக்கு மேலே ஒன்று, சுத்தமல்லிக்கு மேலே ஒன்று என்று தள்ளித் தள்ளி எடுங்கள். அணைக்கட்டுகள் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவுகின்றன. ஓட்டமும் தேக்கமும் மாறி மாறி வருவதால், கிடைக்கும் வித்தியாசம் ஓட்டத்தால் வந்ததா, கடலுக்குக் கிட்டே இருப்பதால் வந்ததா என்று பிரித்துச் சொல்லலாம். உப்புக் கட்டத்துக்கு அந்த வசதி இல்லை, அது ஒரே முனையில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

"கெளுத்தி" என்று எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போடும்போது காட்டுகிறேன். இப்போதைக்கு ஒன்று: ஊர்ப் பெயரும் வேண்டும், அறிவியல் பெயரும் வேண்டும். ஊர்ப் பெயர் ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் மாறும். அதைவிடத் தொல்லை, பல மீனுக்கு ஒரே பெயர் இருப்பது. கெண்டை என்ற சொல்லுக்குள் எத்தனை மீன் அடங்கும் என்று எண்ண ஆரம்பித்தால் பொழுது போய்விடும். சிலேபியைக்கூட சிலேபிக் கெண்டை என்கிறார்கள், அது கெண்டைக்கு எந்த உறவும் இல்லை.

கெளுத்தியையே எடுத்துக்கொள்வோம். மிஸ்டஸ் விட்டேட்டஸ் என்றால் உடம்பில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். மிஸ்டஸ் கவேசியஸ் என்றால் முதுகில் பின்னால் உள்ள சதைத் துடுப்பு நீளமாக, முன் துடுப்பின் அடியைத் தொட்டுக்கொண்டு தொடங்கும். மிஸ்டஸ் குலியோவுக்கு அதே சதைத் துடுப்பு சின்னதாக, வெகு தூரம் பின்னால் தள்ளி இருக்கும். மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அளவுகோலையும் சேர்த்துப் படம் எடுத்தால் இந்த மூன்றையும் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பிரிக்கலாம். கெளுத்தியின் முள் குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும், ஈரத் துணியால் பிடியுங்கள்.

இந்த ஆற்றுக்கே உரிய மீன்களும் உண்டு. டாகின்சியா தாம்பிரபர்ணியெய் என்று ஆற்றின் பெயரையே சுமக்கிற சின்னக் கெண்டை ஒன்று இருக்கிறது, 1950களில் இ. ஜி. சைலஸ் விவரித்தது. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள மீன். அப்படி ஒன்று வலையில் வந்தால் படம் எடுத்துவிட்டு உடனே தண்ணீரில் விடுங்கள். மாதிரிக்கு என்று பாட்டிலில் போட்டு வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. படம் போதும்.

மூன்றாம் படி: வலை

இங்கே ஒரே ஒரு விதி, எல்லா இடத்திலும் ஒரே அளவு உழைப்பு. ஒரு இடத்தில் 10 வீச்சு என்றால் எல்லா இடத்திலும் 10 வீச்சு, அதே வலை, முடிந்தால் அதே கை. நல்லா விழுகிறதே என்று தேக்கத்தில் இன்னும் நாலு வீச்சு வீசினால் தேக்கத்தில் மீன் அதிகம் என்று நீங்களே ஒரு பொய்யை உருவாக்குகிறீர்கள்.

வீச்சு வலை மட்டும் போதாது. கல்லுக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் காரா, மணலுக்குள் புதையும் அயிரை, பொந்துக்குள் கிடக்கும் ஆரால் இவையெல்லாம் வீச்சு வலைக்கு டிமிக்கி கொடுக்கும். அதனால் இடத்துக்கு மூன்று விதமாகப் பிடிக்கிறேன்: வீச்சு வலை 10 தடவை, இரண்டு வேறு கண்ணளவில் செவுள் வலை, சாயங்காலம் கட்டி காலையில் எடுப்பது, ஓரச் செடியிலும் கல்லிலும் கொசுவலைத் துணி கட்டிய கைவலையால் அரை மணி நேரம். மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுகிறேன், கூட்டுவது பிறகு. பறி வைக்கிறவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் மீனையும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் எவ்வளவு நேரம் வைத்தார் என்பது உங்கள் கையில் இல்லை.

பருவம் பெரிய விஷயம். இந்த ஆற்றுக்கு மேலே மலையில் தென்மேற்குப் பருவமழை, கீழே சமவெளியில் வடகிழக்குப் பருவமழை. கார் நெல்லுக்கும், பிசானம் என்கிற அடுத்த போக நெல்லுக்கும் கால்வாயில் தண்ணீர் திறக்கும்போது ஆற்றின் மட்டமே மாறும். மூன்று கட்டத்தையும் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஓட்டத்தை ஜூலையிலும் தேக்கத்தை மார்ச்சிலும் பார்த்தால் நீங்கள் ஒப்பிடுவது இடத்தையா, மாதத்தையா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய வெள்ளம் ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு குளங்கள் உடைந்து, குளத்து மீனெல்லாம் ஆற்றில்தான் கிடக்கும். அந்தச் சமயத்துப் பட்டியலைத் தனியாக வையுங்கள், தூக்கி எறியவும் வேண்டாம், மற்றதோடு கலக்கவும் வேண்டாம்.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் வலையோடு நுழையக்கூடாது. கீழே மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கோயில் படித்துறைகளில் வலை போடாதீர்கள், அங்கே மீனுக்குப் பொரி போடும் பாட்டிமார்களுக்கு எந்த ஆராய்ச்சி விளக்கமும் செல்லாது. வெடி, விஷம் இரண்டும் 1897ஆம் வருடத்து மீன்வளச் சட்டம் முதலே குற்றம். பேட்டரி மின்சாரம் வைத்துப் பிடிக்கிறவர்களோடு சேர்ந்து போகவும் வேண்டாம்.

நான்காம் படி: அட்டவணை

எக்செல் போதும். வரிசைக்கு ஒரு இடம், பத்திக்கு ஒரு மீன், இரண்டும் சந்திக்கும் பெட்டிக்குள் எண்ணிக்கை. கிடைக்காத இடத்தில் காலியாக விடாமல் 0 போடுங்கள். காலி என்றால் "பார்க்கவில்லை", 0 என்றால் "பார்த்தேன், இல்லை". கடைசிப் பத்தியில் அந்த இடம் எந்தக் கட்டம் (ஓட்டம், தேக்கம், உப்பு) என்று. வளர்ப்பு மீன் என்று சந்தேகம் உள்ளதைத் தனி நிறத்தில் குறியுங்கள். மருதூர் கட்லா அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் படி: கையால் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்

1997இல் மார்க் டுஃப்ரேன், பியேர் லெஜாண்ட்ர் என்ற இருவர் ஒரு எளிய கணக்கைக் கொடுத்தார்கள். அவர்கள் பார்த்தது மீனை அல்ல, பெல்ஜியத்தில் தரையில் ஓடும் வண்டுகளை. கணக்கு மீனுக்கும் அப்படியே பொருந்துகிறது. இரண்டே கேள்வி.

இந்த மீன் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறதா? இதைப் பிரத்யேகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில் உள்ள சராசரியை, எல்லாக் கட்டங்களின் சராசரிகளைக் கூட்டி வந்த தொகையால் வகுக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் எந்த இடத்துக்குப் போனாலும் இந்த மீன் இருக்கிறதா? இது தவறாமை. மீன் கிடைத்த இடங்களை, அந்தக் கட்டத்தின் மொத்த இடங்களால் வகுக்க வேண்டும்.

இரண்டையும் பெருக்கி நூறால் பெருக்கினால் சுட்டி மதிப்பு.

கட்டத்துக்கு 4 இடமாக 12 இடம் என்று வைத்து, புரிவதற்காக நானே எண்களைப் போடுகிறேன். இது கள முடிவு அல்ல, பாடத்துக்கான எண்.

சிலேபி: ஓட்டம் 2, 0, 1, 1, தேக்கம் 20, 14, 18, 8, உப்பு 6, 4, 0, 6.
காரா: ஓட்டம் 8, 0, 6, 10, மற்ற இரண்டிலும் எங்கும் 0.
கெளுத்தி: ஓட்டம் 5, 4, 6, 5, தேக்கம் 6, 5, 7, 6, உப்பு 4, 3, 5, 4.

சிலேபியின் சராசரிகள் 1, 15, 4. கூட்டினால் 20. தேக்கத்தில் பிரத்யேகம் 15ஐ 20ஆல் வகுத்து 0.75. நான்கு தேக்கத்திலும் இருக்கிறது, தவறாமை 1. மதிப்பு 75.

காரா ஓட்டத்தை விட்டு எங்கும் இல்லை, பிரத்யேகம் 1. ஆனால் நான்கில் மூன்று இடத்தில்தான் கிடைத்தது, தவறாமை 0.75. மதிப்பு அதே 75.

ஒரே மதிப்பெண், ஆனால் இரண்டு மீனும் வேறு வேறு குணம். காரா கிடைத்தால் அது ஓட்டம் என்று தைரியமாகச் சொல்லலாம், கிடைக்கவில்லை என்றால் ஓட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. சிலேபி தலைகீழ். அது கிடைப்பதால் தேக்கம் என்று ஆகிவிடாது, ஆனால் தேக்கத்தில் சிலேபி இல்லை என்றால் அங்கே ஏதோ விசேஷம். அதனால் 75 என்ற பெருக்குத்தொகையை மட்டும் எழுதி வைக்காதீர்கள். பிரத்யேகம், தவறாமை இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு அந்த இரண்டு எண்கள்தான் முக்கியம், பெருக்கினது சும்மா வசதிக்கு.

இப்போது கெளுத்தி. சராசரிகள் 5, 6, 4, கூட்டினால் 15. தேக்கத்துக்கு 0.4 பெருக்கல் 1, அதாவது 40. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் மூன்று கட்டத்திலும் சமமாகப் பரவிய, ஒன்றுமே சொல்லாத மீனுக்கே 33 வந்துவிடும். 40 என்பது அதற்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். கெளுத்தி சுட்டி இல்லை என்று ஒதுக்கிவிடலாமா?

படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். உப்புக் கட்டத்தில் கிடைத்த 16 கெளுத்தியும் சதைத் துடுப்பு சின்னதாக இருக்கிற குலியோ, மேலே கிடைத்ததெல்லாம் வேறு இனம் என்று வைத்துக்கொள்வோம். குலியோ உவர் நீர்க் கெளுத்தி, அப்படி வருவது இயல்புதான். பெயரைப் பிரித்துவிட்டுக் கணக்குப் போட்டால் குலியோவுக்குப் பிரத்யேகம் 1, தவறாமை 1, மதிப்பு 100. ஒரே சொல்லுக்குள் இரண்டு மீனை அடைத்ததால், பட்டியலிலேயே சிறந்த சுட்டியை ஒதுக்கப் பார்த்தோம். இரண்டாம் படியில் நான் அவ்வளவு நேரம் துடுப்பைப் பற்றிப் பேசியது இதற்குத்தான்.

ஆறாம் படி: குலுக்கிப் பாருங்கள்

இந்த மதிப்பு தற்செயலாக வந்ததா என்று ஒரு சந்தேகம் வர வேண்டும். அதைத் தீர்க்கும் வழி குலுக்கல் சீட்டுதான். 12 சீட்டில் நாலு "ஓட்டம்", நாலு "தேக்கம்", நாலு "உப்பு" என்று எழுதிக் குலுக்கி, இடங்களுக்குக் கண்டபடி கட்டத்தைக் கொடுத்து, மறுபடி மதிப்பைக் கணக்கிடுங்கள். இதை 999 தடவை செய்ய வேண்டும், கம்ப்யூட்டர் செய்யும். பொய்யான கட்டங்களிலும் அடிக்கடி அவ்வளவு மதிப்பு வந்தால் உங்கள் முடிவுக்கு அர்த்தமில்லை.

நம் உதாரணத்தில் சிலேபியின் 75, ஆயிரம் குலுக்கலுக்குச் சுமார் 6 தடவைதான் தற்செயலாக வரும். காராவின் 75 சுமார் 55 தடவை வந்துவிடும். மூன்றே இடத்தில் கிடைத்த மீன் என்பதால், அந்த மூன்றும் ஒரே கட்டத்தில் விழுவது அப்படியொன்றும் அதிசயமில்லை. தற்செயலாக வருவது நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கோடு, அதில்கூடக் காரா தேறவில்லை. கட்டத்துக்கு 8 இடம் பார்த்து, ஓட்டத்தில் 6 இடத்தில் மட்டும் அதே காரா கிடைத்திருந்தால் ஆயிரத்தில் ஒரு தடவைகூட வராது. 4 இடம் குறைந்தபட்சம், 8 நல்லது என்று மேலே சொன்னதற்குக் கணக்கு இது. அபூர்வமான மீனை நம்பி இறங்குகிறவர்கள் அதிக இடம் பார்த்தே ஆக வேண்டும்.

60 இனம் சோதித்தால் நூற்றுக்கு ஐந்து என்ற கோட்டில் மூன்று மீன் சும்மாவே தேறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பல மீனை ஒன்றாகச் சோதிக்கும்போது அந்தக் கோட்டை இறுக்கிக் கொடுக்கும் ஹோம் (Holm) திருத்தம் போன்றவை இருக்கின்றன, போடுங்கள்.

மென்பொருளுக்கு ஆர் (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள் போதும். அதில் லேப்டிஎஸ்வி (labdsv), இண்டிக்ஸ்பீசிஸ் (indicspecies) என்று இரண்டு தொகுப்பு இந்தக் கணக்கைச் செய்யும். ஒரு பொறி: இண்டிக்ஸ்பீசிஸ் காட்டுவது மதிப்பின் வர்க்கமூலம். நம் 75, அதாவது நூறால் பெருக்கும் முன் இருந்த 0.75, அதில் 0.866 என்று வரும். ஒருவர் அதிலும் இன்னொருவர் இதிலும் போட்டுவிட்டு, உன் ஆற்றில் சுட்டி பலமாக இருக்கிறது என்று சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இண்டிக்ஸ்பீசிஸில் உள்ள மல்டிபாட் (multipatt) என்ற கட்டளை, ஓட்டமும் தேக்கமும் சேர்ந்து ஒரே கட்டமாக இருந்தால் எந்த மீன் சுட்டும் என்றும் பார்க்கும். நன்னீர் முழுக்க இருந்து உப்பில் மட்டும் இல்லாத மீன்களுக்கு அது உதவும்.

இன்னொரு எச்சரிக்கை. சிலர் மீன் பட்டியலை வைத்தே இடங்களைக் குழுவாகப் பிரித்துவிட்டு, அந்தக் குழுவுக்குச் சுட்டி மீன் தேடுவார்கள். அப்படிச் செய்யலாம், குழுக்களை விவரிக்க நல்ல வழி. ஆனால் அங்கே குலுக்கல் சோதனை செல்லாது. மீனை வைத்துப் பிரித்துவிட்டு, மீன் பிரிந்திருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும்.

ஏழாம் படி: ஏன் என்று கேளுங்கள்

எண் வந்துவிட்டது என்று நிறுத்தினால் பாதி வேலைதான். மீனின் பிழைப்போடு அந்த எண் ஒத்துப் போகிறதா?

காராவின் வாய் அடியில், உறிஞ்சி மாதிரி. ஓடும் தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். கல் சேற்றில் மூடினால் அதற்குச் சோறு இல்லை. அதனால் அது ஓட்டத்தைச் சுட்டுவதில் ஆச்சரியமில்லை. விரால், குரவை, பனையேறிக் கெண்டை, தேளி நான்கும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. அமலைச் செடி மூடி ஆக்சிஜன் குறைந்த தேக்கத்தில் மற்ற மீன் திணறும்போது இவை சமாளிக்கும். ஓரிடத்தில் இந்த நான்கு மட்டுமே மிஞ்சியிருந்தால் விடிகாலை ஆக்சிஜன் அளவைப் புரட்டிப் பாருங்கள். மடவையும் கொடுவாவும் கடலோடு தொடர்பு உள்ளவை. அவை எவ்வளவு தூரம் மேலே கிடைக்கின்றன என்பதே கடல் வழி எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்பதற்கு அளவு.

சிலேபி வேறு கதை. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன், உப்பு நீர், நல்ல நீர், கலங்கல் எதற்கும் அஞ்சாது. முட்டையைத் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும். அது தேக்கத்துக்குச் சுட்டியாக வந்தால், தேக்கத்தை ரொம்பப் பிடிக்கும் என்றும் படிக்கலாம், அங்கே உள்ளூர் மீன் ஏற்கெனவே மெலிந்துபோய் இடம் கொடுத்துவிட்டது என்றும் படிக்கலாம். இந்தக் கணக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லாது. வளர்ப்புக்குத் தடை இருந்தும் பரவிவிட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் இதேதான். வந்தேறி மீனைச் சுட்டிப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தனித் தலைப்பில்.

இல்லாத மீனையும் கொஞ்சம் யோசியுங்கள். காவிரியில் உல்லம் (ஹில்சா) மீன் கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. அணைக்கட்டுகளும் 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் அந்த ஏற்றத்தைக் கெடுத்தன. இன்றைக்கு நீங்கள் காவிரியில் 12 இடம் பார்த்து எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டாலும் எங்குமே 0 என்றால் அதில் உல்லம் வராது. அதனால்தான் வலையை மடித்த பிறகு வயதான மீன்காரர்களிடம் உட்கார்ந்து, "முன்ன எது கெடைக்கும், இப்ப எது கெடைக்கல?" என்று கேட்டு அதையும் தனித் தாளில் எழுதுகிறேன்.

எட்டாம் படி: தெரியாத இடத்தில் சோதியுங்கள்

பட்டியல் தயாரானதும் கணக்கில் சேராத நான்கு புது இடம் எடுங்கள். உங்களோடு வராத ஒருவர் அங்கே அதே முறையில் வலை போட்டு, இடத்தைச் சொல்லாமல் மீன் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் போனில் படிக்கட்டும். நீங்கள் கட்டத்தைச் சொல்லுங்கள்.

நான் இப்படிச் செய்தபோது மூன்று சரியாக வந்தது. நான்காவதில் காராவும் இருந்தது, பனையேறியும் இருந்தது, கூடவே நான் அந்தச் சுற்றில் வேறெங்கும் பார்க்காத ஒரு சின்னக் கெண்டையும் இருந்தது. தேக்கம் என்று சொன்னேன், தப்பு. ஓட்டம் என்று சொல்லியிருந்தாலும் தப்புத்தான். அந்த இடம் சீவலப்பேரி, சிற்றாறு வந்து தாமிரபரணியில் விழும் வாய். இரண்டு ஆற்று மீனும் கலக்கிற இடத்துக்கு என்னிடம் கட்டமே இல்லை.

அடுத்த சுற்றுக்கு "கூடுவாய்" என்று நான்காவது கட்டம் சேர்த்திருக்கிறேன். அதற்கும் நாலு இடம் வேண்டுமே என்று எண்ணிப் பார்த்தேன். மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு. சமவெளியில் சரியாக நாலுதான் இருக்கின்றன, ஒன்றைக்கூட விட முடியாது. பிசானத்துக்குத் தண்ணீர் திறப்பதற்குள் வலையைத் தைத்து வைக்க வேண்டும்.